கோலகங்சார் மரத்தடியில் ஒரு கணக்கு

தாப்பா ஓய்விடத்தில் காரை நிறுத்தி, ஆளுக்கொரு தே தாரேக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் மகள் கேட்டாள்.

"அப்பா, என்கிட்ட ஐந்நூறு வெள்ளி இருக்கு. ஷேர் வாங்கட்டுமா?"

வயது பதினாறு. படிவம் நான்கு. இரண்டு ஆண்டுகளாகத் தீபாவளி அங்பாவ் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறாள். பள்ளித் தோழியின் அண்ணன் கைப்பேசியிலேயே பங்கு வாங்குகிறாராம், விற்கிறாராம். எதை வாங்குவது, எப்போது விற்பது என்றெல்லாம் சொல்லித்தர டெலிகிராமில் ஒரு குழு வேறு இருக்கிறதாம்.

"இப்ப உனக்கு எதுக்கு அதெல்லாம்? மொதல்ல எஸ்.பி.எம். முடி" என்றேன்.

நம் வீடுகளில் அப்பாக்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பதில்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். ஈப்போ வரும்வரை காருக்குள் பேச்சில்லை. அவளுக்குப் பங்குச் சந்தை புரியாது என்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்.

பள்ளி விடுமுறைக்கு சுங்கை சிப்புட்டில் தம்பி வீட்டில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை என்பதால் மனைவி வரவில்லை. ஈப்போவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சிம்மோர் வழியாகப் பழைய சாலையில் போவது என் பழக்கம். கொஞ்சம் நேரம் கூடும். ஆனால் சுண்ணாம்புக் குன்றுகளும் செம்பனை வரிசைகளும் சின்னச் சின்னக் கோயில்களும் அந்த வழியில்தான். என் சின்ன வயதில் சாலையின் இருபக்கமும் ரப்பர் மரங்களாக இருந்த இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும்தான்.

சுங்கை சிப்புட்டுக்கு வரலாற்றுப் புத்தகங்களில் இரண்டு காரணங்களுக்காக இடமுண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி இவ்வூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைகள் மூவர் கொல்லப்பட்ட பிறகே நாட்டில் அவசரகாலம் பிறந்தது. இன்னொன்று, இது துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். மகாத்மா காந்தி கலாசாலையைக் கடக்கும்போது அதை மகளுக்குச் சொன்னேன். இயர்போனில் ஒன்றை மட்டும் கழற்றிக் கேட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். கோபம் இன்னும் தீரவில்லை.

பாட்டியிடம் மட்டும் அவள் எதையும் மறைக்க மாட்டாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும், "பாட்டி, ஷேர்னா உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். நான் தட்டைக் கழுவுகிற சாக்கில் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

"ஏன் தெரியாது? என்கிட்ட ரெண்டு இருக்கே" என்றார் அம்மா.

கட்டிலுக்கு அடியிலிருந்து தகர டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் தொழிற்சங்க அட்டை, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு பழைய காகிதங்கள். அந்தப் பெட்டி எனக்கு ஐம்பது வருடப் பழக்கம். அந்த இரண்டு காகிதங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றைப் பற்றி ஒருநாளும் அம்மாவிடம் கேட்டதில்லை.

முதலாவது, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனதை நம் முன்னோர் 'துண்டாடல்' என்றே சொன்னார்கள். தோட்டம் கை மாறினால் வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். பிள்ளைகள் படித்த பள்ளி, கும்பிட்ட கோயில், எதுவும் மிஞ்சாது. அதைத் தடுக்க 1960இல் சம்பந்தன் முன்னின்று தொடங்கியதுதான் இந்தச் சங்கம். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, விற்பனைக்கு வரும் தோட்டத்தை முழுதாகவே வாங்கிவிடுவது என்பது திட்டம். அவரும் அவர் துணைவியார் உமாசுந்தரியும் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்.

"பத்து வெள்ளிங்கறது அப்ப சும்மாவா?" என்றார் அம்மா. "கட்டுன மாசம் மீன் கிடையாது. கருவாடுதான். ஆனா பயம். எங்க தோட்டத்தையும் வித்துட்டா எங்க போறது? அதான் கட்டினேன்."

மகள் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "அப்ப நீங்க எஸ்டேட்டுக்கு முதலாளியா பாட்டி?"

"ஆமா. காலையில பெரட்டுக்கு ஒரு தோட்டத்துல பேர் குடுக்கிற ஆளு. இன்னொரு தோட்டத்துக்கு முதலாளி." அம்மா சிரித்தார். லாப ஈவு வந்த வருடங்களில் எங்களுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியதையும் சொன்னார். அது எனக்குப் புதுச் செய்தி.

இரண்டாவது காகிதத்தை அவர் அவ்வளவு சுலபமாகக் கையில் கொடுக்கவில்லை. எண்பதுகளில் நம்மவர்களிடம் பங்கு திரட்டிய ஒரு நிறுவனத்தினுடையது அது. பெயர் வேண்டாம். அதற்காக அம்மா தன் இரண்டு வளையல்களை அடகுக் கடையில் வைத்தார். பணம் பெருகவில்லை. வளையல்களை மீட்கவும் முடியவில்லை.

"அந்தக் கம்பெனி என்ன தொழில் பண்ணுச்சு பாட்டி?"

அம்மா யோசித்தார். "அது தெரியல ஆயா. நல்லா வரும்னு சொன்னாங்க."

"முதல்ல கட்டினீங்களே, அது?"

"அது தோட்டம் வாங்கறதுக்கு. தோட்டம்னா எனக்குத் தெரியாதா?"

அடுப்படியில் நின்றிருந்த எனக்கு, அதற்குமேல் கழுவத் தட்டு எதுவும் இல்லை.

மறுநாள் காலை மூவருமாகக் கோலகங்சார் புறப்பட்டோம். அரை மணி நேர ஓட்டம்கூட இல்லை. அரச நகரம் என்பதால் சாலைகள் அகலம், மரங்கள் நிறைய, அவசரம் குறைவு. உபுடியா பள்ளிவாசலின் தங்கக் கூம்பைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரையில் லக்சா சாப்பிட்டுவிட்டு, லாபு சாயோங் மண்கூஜா ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாங்கள் போனது வேறு ஒன்றைப் பார்க்க. மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அந்த ஒன்பதில் இன்று எஞ்சி நிற்பது இந்த ஒரு மரம்தான் என்கிறார்கள். நம் தாத்தா பாட்டிமார் கப்பல் ஏறி வந்ததற்குக் காரணமான மரத்தின் மூத்த உறவு.

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தொழில்காரியின் கண் பட்டையில் போய் நின்றது. "இத்தன வருசத்துல, வெட்டாத மரத்துக்குக் கீழ இப்பதான் நிக்கிறேன்" என்றார்.

மகள் அவரை விடவில்லை. எப்படி வெட்டுவது என்று கேட்டாள். அம்மா உளி பிடிப்பதுபோல் வலது கையை மடக்கி, காற்றில் சரிவாக ஒரு கோடு இழுத்தார். மணிக்கட்டு இன்னும் மறக்கவில்லை. "மேலாகப் போனா பால் வராது. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். காயம் பட்டா கிராணி அரைநாள் சம்பளத்த வெட்டுவான்." மரத்தைச் சாகடிக்காமல், நாள் விட்டு நாள் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி. கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர். 1896இல் மலாக்காவில் தான் சே யான் வணிக முறையில் நட்டபிறகுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகுதான் பங்குக் கதை. மோட்டார் கார் பெருகியது, டயருக்கு ரப்பர் போதவில்லை. 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாவில் தோட்டம் வைத்திருக்கிறோம், வைக்கப் போகிறோம் என்று சொல்லிய கம்பெனிகளின் பங்குகளுக்கு லண்டனில் அடிதடி. சின்னச் சம்பளக்காரரும் வாங்கட்டும் என்று இரண்டு ஷில்லிங் பங்குகளும் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே விலை சரியத் தொடங்கியது. 1921 வாக்கில் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு ஷில்லிங்கும் தேறவில்லை.

"வாங்கினவங்க யாராவது இங்க வந்து பார்த்தாங்களாப்பா?"

"ஒன்றிரண்டு பேர் வந்திருக்கலாம். மத்தவங்களுக்கு அது பத்திரிகையில வர்ற ஒரு எண். அவ்வளவுதான்."

அவள் கைப்பேசியில் எதையோ தேடி, ஒரு கோட்டுப் படத்தை என்னிடம் நீட்டினாள். செங்குத்தாக ஏறி, அதே வேகத்தில் விழும் கோடு. "இது 1910 இல்லப்பா. 2020. கையுறைக் கம்பெனி. அதுவும் ரப்பர்தானே?"

நான் பயந்த இடத்துக்கு அவள் தானாகவே வந்து சேர்ந்துவிட்டாள்.

பக்கத்தில் உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தேன். "அதுல நானும் இருந்தேன்" என்றேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது நினைவிருக்கும். வீட்டில் அடைந்து கிடந்த எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் கைப்பேசியும் நேரமும் இருந்தன. வங்கிகள் ஆறு மாதம் வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிவைத்ததால் கொஞ்சம் பணமும் இருந்தது. உலகமே கையுறை தேடிய நேரம். கையுறை நிறுவனங்களின் பங்குகள் சில மாதங்களில் பல மடங்கு ஏறின. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் தினமும் தன் லாபத்தைப் படம் பிடித்துப் போட்டார். ஆகஸ்டில் தவணைப் பணம் 9,600 ரிங்கிட்டைப் போட்டேன். ஏறியது. அக்டோபரில் மகளின் மேற்படிப்புக்கு என்று தனியாக வைத்திருந்த 14,400 ரிங்கிட்டையும் எடுத்துப் போட்டேன். மொத்தம் 24,000. அது உச்சம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நவம்பரில் தடுப்பூசிச் செய்தி வந்தது. விலை இறங்கியது. திரும்ப ஏறும், திரும்ப ஏறும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். கடைசியில் விற்றபோது கைக்கு வந்தது 5,700.

இதை அவளிடம் சொல்லிக்கொண்டே வரும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நாங்கள் இருப்பது கிள்ளான். அதே நவம்பரில் எங்கள் வட்டாரத்தில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவியது. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள், ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில். அந்தச் செய்தியை நானும் படித்தேன். படித்துவிட்டு முதலில் பார்த்தது பங்கு விலையை. தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான்.

மகள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த 14,400 என் பணமா?" என்றாள்.

"உனக்காக வச்ச பணம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. சேமநிதியில் இருக்கிறது, நீண்டகாலச் சேமிப்பில் இருக்கிறது என்று நான்கைந்து ஆண்டுகளாக ஏதேதோ சொல்லிச் சமாளித்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அதுவரை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, எங்களைப் பார்க்காமலேயே சொன்னார். "வளையல வச்சத நானும் ஒங்கப்பாகிட்ட சொல்லல. பால் வெட்டும்போது தேஞ்சு ஒடஞ்சு போச்சுன்னேன். அவரு போற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தாரு."

சிரிப்பதா வேண்டாமா என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. முதலில் சிரித்தது அம்மாதான்.

ஆற்றங்கரைக் கடையில் லக்சா சாப்பிடும்போது பேச்சு தானாக வந்தது. இந்த முறை நான் தடுக்கவில்லை. பதினெட்டு வயது ஆகாமல் அவள் பெயரில் பங்குக் கணக்குத் திறக்க முடியாது என்றேன். வாங்குவதானால் என் கணக்கில்தான் வாங்க வேண்டும். புர்சா மலேசியாவில் ஒரு தடவைக்குக் குறைந்தது நூறு பங்கு. சிறியவர்களுக்குப் பெற்றோர் திறந்து கொடுக்கக்கூடிய அமானா சாஹம் கணக்குகளும் உண்டு. அவற்றில் தினசரி ஏற்ற இறக்கத் தலைவலி குறைவு. டெலிகிராம் குழுவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். முன்பின் தெரியாதவன் நமக்கு எதற்காக லாபம் காட்ட வேண்டும்? பங்கு ஆணையம் தன் இணையத்தளத்தில் உரிமம் இல்லாத ஆட்களின் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. தோழியின் அண்ணன் சேர்ந்திருக்கும் குழு அதில் இருக்கிறதா என்று அங்கேயே தேடினாள். இருந்தது. உடனே தோழிக்குச் செய்தி அனுப்பினாள்.

"பாட்டி வேலை செஞ்ச தோட்டம் யாரோடது?" என்று கேட்டாள்.

"கத்ரி கம்பெனி" என்றார் அம்மா. அந்தப் பெயரை அவர் மறந்ததே இல்லை.

அங்கே நான் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த கதை அது. கத்ரி லண்டன் பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை சந்தை திறந்ததும், நம் நாட்டின் பி.என்.பி. நிறுவனம் அதன் பங்குகளை மளமளவென வாங்கி, நான்கு மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. துப்பாக்கி இல்லை, ஊர்வலம் இல்லை. லண்டன்காரர்களின் சட்டப்படியே, அவர்கள் சந்தையிலேயே. 'விடியற்காலைத் தாக்குதல்' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். 2007இல் கத்ரி, சைம் டார்பி குழுமத்தோடு இணைந்தது. அந்தக் குழுமத்திலிருந்து பிரிந்து நின்ற தோட்ட நிறுவனம், 2024இல் எஸ்டி கத்ரி என்று பழைய பெயரையே மறுபடி வைத்துக்கொண்டது.

"அப்ப அது இன்னும் இருக்கா?" மகள் கைப்பேசியை எடுத்தாள். நூறு பங்கு, அன்றைய விலைக்கு, ஏறக்குறைய அவளிடம் இருந்த ஐந்நூறு. பாட்டியைப் பார்த்தாள். "வாங்கட்டுமா?"

"வேலைக்காரங்களுக்கு இப்ப என்ன குடுக்கிறாங்கன்னு மொதல்ல பாரு" என்றார் அம்மா. "அப்புறம் வாங்கு."

ஆண்டறிக்கை என்று ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று சொன்னேன். 24,000 ரிங்கிட்டைக் கொட்டியவன் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுப் புறப்படும்போது, அவர் சேலை முந்தானை முடிச்சிலிருந்து பத்து வெள்ளி எடுத்துப் பேத்தியின் கையில் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை தூங்கிக்கொண்டு வந்தவள், எழுந்து உட்கார்ந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். இடது பக்கம் 'என்னுடையது: 510'. வலது பக்கம் 'அப்பா தர வேண்டியது: 14,400'. அதில் 5,700ஐக் கழித்து, மீதியை எத்தனை மாதத்தில் கட்ட முடியும் என்று கேட்டாள். மாதம் 150 என்றேன். வகுத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு மாதம்.

"நான் டிகிரி முடிக்கறதுக்குள்ள கட்டிடுவீங்க. சரி" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட இன்னிக்கே சொல்றீங்க. நானும் கூட இருப்பேன்."

"நாளைக்கு அவங்களுக்குக் காலை ஷிப்ட் டா."

"இன்னிக்கே ப்பா."

கிள்ளான் வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. மனைவி கேட்டைத் திறந்துகொண்டே, சாப்பிட்டீர்களா, அத்தைக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக வீட்டுக்குள் நுழைந்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மகள், அன்று பையைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டாள்.